ஆறு கீழே ஓடும் ஊரில் இருக்கும் மகனுக்கு

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மகன் லியோவுக்கு, உன் அப்பா இருதயசாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் இரக்கத்தில் இங்கே நானும் பசுமாடும் சுகம். தாளடி நடவு முடிந்து பச்சை பிடித்துவிட்டது. மோட்டார் மட்டும் சுகமில்லை. உள்ளே காயில் கம்பி எரிந்துபோய்க் குடவாசலில் பட்டறையில் படுத்திருக்கிறது. அங்கே மொசாம்பிக்கில் உன் சுகத்துக்கும், கம்பெனி ஆமணக்கின் சுகத்துக்கும் சேர்த்துத்தான் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ ஃபோனை எடுக்கவில்லை. அனுப்புகிற செய்திக்கெல்லாம் நீலக் கோடு விழுகிறது, பதில் விழவில்லை. "பேசினா எடுக்க மாட்டேங்கிறான், எழுதிப் போட்டா படிச்சுத்தானே ஆகணும்" என்று பஞ்சநதம் மாமா யோசனை சொல்லி, தன் மகள் அனுராதாவின் காலேஜ் நோட்டிலிருந்து தாளும் கிழித்துக் கொடுத்துவிட்டு, இப்போது எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எழுதி முடித்ததும் அவர் ஒரு தடவை படித்துப் பார்ப்பார். அப்புறம் அனுராதா ஒவ்வொரு தாளாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். நான் ஒன்பதாவதோடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஊரே சொல்லிச் சிரிக்கிறது. வேறு வாய் வழியாக உனக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை. கல்லறைத் திருநாளன்று மத்தியானம் அம்மா கல்லறையில் புல் செதுக்கி, செவந்திப் பூ தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன் அல்லவா? நீயும் கும்பிடுகிற கையும் அழுகிற முகமும் திருப்பி அனுப்பினாய். லியோ, அது அம்மா இல்லை. அது கண்டக்டர் சந்தியாகு.

குற்றத்தில் பாதி என்னுடையது, பாதி மழையுடையது. போன வருஷ அடைமழையில் கல்லறைத் தோட்டம் முழங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டது. நம் மண்தான் தெரியுமே, ஊறினால் களி, காய்ந்தால் கல். மேடெல்லாம் அமுங்கி, மரச் சிலுவையெல்லாம் சாய்ந்து மிதந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு யாரோ புண்ணியவான் அத்தனை சிலுவைகளையும் பொறுக்கி மதில் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டான், பள்ளிக்கூடத்துக்கு லேட்டாக வந்த பிள்ளைகளை வெளியே நிறுத்தி வைத்த மாதிரி. அந்த வரிசையில் அம்மாவின் சிலுவை எனக்குச் சட்டென்று கிடைத்தது. கறுப்பு பெயிண்டில் வெள்ளையாக அருள்மேரி என்று நான் எழுதியது, 'ள்' புள்ளி மட்டும் அழிந்திருந்தது. சிலுவை கிடைத்துவிட்டது, அதை ஊன்றுகிற இடம்தான் கிடைக்கவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். கோயில் உபதேசியார் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன இருதயசாமி, தவக்காலம் இந்த வருஷம் நவம்பர்லயே வந்துடுச்சா?" என்றார். அந்த அவசரத்தில், இதுதான் இடம் என்று ஒரு மேட்டைத் தீர்மானித்து, சிலுவையைப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, செதுக்கவேண்டியதைச் செதுக்கி, தூவவேண்டியதைத் தூவி, மண்ணில் கையை வைத்து, வாய்விட்டே அழுதுவிட்டேன். பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. சந்தியாகு மகள் ஷீபா, கையில் பூவோடு நிற்கிறாள்.

"மாமா, அழுவாதீங்க."

"எப்படிம்மா அழுவாம இருக்கறது? என்னைத் தனியா உட்டுட்டுப் போயிட்டாளே, ராசாத்தி."

"இல்ல மாமா… அது எங்க அப்பா."

சந்தியாகுவுக்கும் எனக்கும் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்று எத்தனை வருஷம் என்று உனக்குத் தெரியும். என் பக்கத்து வரப்பை மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவியே அவன் ஒரு நாற்றங்காலுக்கு இடம் பண்ணிக்கொண்டான். அப்படிப்பட்டவனை ராசாத்தி என்று கூப்பிட்டு அழுதிருக்கிறேன். மேலே இருந்து பார்த்திருந்தால் வெட்கப்பட்டாவது வரப்பை விட்டுக்கொடுத்திருப்பான். ஷீபா நல்ல பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவால்ல மாமா, அப்பாவுக்காக யாரு இப்படி அழுதா?" என்றாள். பூவைத் திருப்பி எடுப்பது மரியாதை இல்லை என்று சந்தியாகுவிடமே விட்டுவிட்டு வந்தேன். பிறகு தேடி, சரியான இடத்தைக் கண்டுபிடித்து, சிலுவையை ஊன்றிவிட்டேன். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கருங்கல்லில் கட்டியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. கருங்கல்லுக்கு வைத்திருந்தது ஆமணக்கில் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. அம்மா இருந்திருந்தால் அவளே, "புள்ள கேக்குறான், குடுங்க, எனக்கெதுக்குக் கல்லு" என்று சொல்லியிருப்பாள். தன் கல்லறைக்கு வைத்த பணத்தைத் தானே எடுத்துக் கொடுக்கிற பொம்பளை அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறாய், விஷயத்துக்கு வா என்று மாமா சொல்கிறார். வருகிறேன். ஆனால் விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அம்மா அடக்கத்துக்கு உனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, வீடியோவில்தான் மண் போட்டாய். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தாய். பூசை முடிந்து வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, நெல் மூட்டைமேல் லேப்டாப்பை வைத்து நீ படம் காட்டியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண், வரப்பே இல்லாத நிலம், அதில் ஆமணக்கு போட்டு எண்ணெய் எடுத்து, அந்த எண்ணெயைக் காய்ச்சிப் பதப்படுத்தினால் விமானம் பறக்கும் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் அப்பா காலுக்கிடையில் என்னை இடுக்கி, மூக்கைப் பிடித்து, சங்கு நிறைய விளக்கெண்ணெய் ஊற்றி வளர்த்தவர். மத்தியானம் வரைக்கும் நான் போன வேகத்துக்கு எந்த விமானமும் போகாது. பஞ்சநதம் மாமாவும் அதையே சொன்னார்: "விளக்கெண்ணெய் குடிச்சா மனுசனே பறக்குறான், பிளேன் பறக்காதா?" உலகத்தில் பெட்ரோல் தீரப்போகிறது, வெள்ளைக்காரர்களெல்லாம் பயிர் எண்ணெய்க்கு மாறுகிறார்கள், கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் வீட்டாருக்கும் வேண்டியவர்களுக்கும் சின்னச் சின்னப் பங்காகத் தருகிறார்கள் என்று நீ சொன்னாய். நான் கல்லறைக் கல்லைப் போட்டேன். துபாயில் வெயிலில் கம்பி கட்டி, அனுராதா கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்ததை மாமா போட்டார். போடுவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஆறு பக்கத்துல இருக்கா தம்பி?"

"இருக்கு மாமா. நிலத்தை ஒட்டியே ஓடுது."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மண் எப்படி, மழை எப்படி, ஆள் எப்படி, விலை எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. நமக்கு ஆறு என்றால் என்ன? கரைமேல் ஏறித்தான் ஆற்றைப் பார்க்கவேண்டும், கரை இறங்கித்தான் வயலுக்குப் போகவேண்டும். சோழசூடாமணியாறு மேலே ஓடும், வயல் கீழே கிடக்கும். மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்தால், பீடி முடிவதற்குள் தண்ணீர் தானாக வந்து காலை நனைக்கும். ஆறு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஆண்டவரே முடிவு பண்ணிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஆறு பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டோமே தவிர, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. கீழத் தஞ்சையில் பிறந்த எவனுக்கும் தோன்றியிருக்காது.

நீ திரும்பிப் போய் நிலத்திலிருந்து முதல் தடவை வீடியோவில் கூப்பிட்டபோது, நாங்கள் எல்லாரும் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தங்கமணி அத்தை காப்பி போட்டுக் கொடுத்தாள். ஆமணக்கு நாற்று வரிசை வரிசையாக நின்றது, பார்க்க அழகு. மாமாதான் முதலில் கேட்டார்.

"ஆறு எங்கடா தம்பி?"

"அதோ, கீழ ஓடுது மாமா."

"கீழன்னா?"

நீ ஃபோனைச் சாய்த்தாய். எனக்குத் தலை சுற்றிவிட்டது. பனைமரத்தின் மேல் பனைமரத்தை நட்டாலும் தலை வெளியே தெரியாத பள்ளம். அடியில் ஒரு நூல் கிடந்தது. அதில் பெண்கள் சிலர் எறும்பு மாதிரி துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆமணக்கு மேலே, ஆறு பாதாளத்தில். அப்புறம் மாமா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"இது ஆறு இல்லடா. கெணறு. நீளமான கெணறு."

தங்கமணி அத்தை விடுவாளா? "பொண்ணு பாக்கப் போனா நடக்கச் சொல்லு, பாடச் சொல்லுன்னு ஆயிரம் நொட்டை. ஆத்தைப் பாக்காமயே பாக்கு வெத்தல மாத்திட்டு வந்திருக்கீங்களே, ரெண்டு பெரிய மனுசனும்!"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என்னைவிட உனக்கே தெரியும். கம்பெனி பம்புசெட் இறக்கியது. அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீர் ஏற்ற டீசல். டீசல் கொண்டுவர லாரி, லாரிக்கு டீசல். டீசலுக்குப் பதிலாக எண்ணெய் எடுக்கப்போன இடத்தில் டீசலை ஊற்றி எண்ணெய்ச் செடி வளர்த்தோம். அந்த டீசலைப் பேசாமல் பிளேனுக்கே ஊற்றியிருந்தால் பிளேனும் பறந்திருக்கும், கல்யாணக் காசும் மிஞ்சியிருக்கும் என்று தங்கமணி அத்தை சொன்னாள். கம்பெனியில் இத்தனை டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் இருந்தும் இந்தக் கணக்கை அவள்தான் போட்டாள். பூக்கிற நேரத்தில் பம்பு பழுது, மாற்றுச் சாமான் கப்பலில் வருகிறது என்றாய். கப்பல் வருவதற்குள் ஆமணக்கு காய்ந்து, நீ அனுப்பிய போட்டோவில் குச்சி குச்சியாக நின்றது. நான் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய் நம் வயலின் மடையைத் திறந்துவிட்டு வந்தேன். நம் வயலுக்கு அன்றைக்குத் தண்ணீர் தேவையே இல்லை. சும்மா ஒரு மனசுக்கு.

அப்புறம் அந்தப் பங்குதாரர் கூட்டம். ஊரூருக்கும் கம்ப்யூட்டர் வழியாக நடத்தினார்களே, அதில் நானும் மாமாவும் கலந்துகொண்டதை நீ பார்த்திருப்பாய். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். அதற்கென்று ஒரு பொத்தான் இருப்பது எங்களுக்கு எங்கே தெரியும்? மாமா நிஜமாகவே கையை உயர்த்திக்கொண்டு, கூட்டம் முடிகிற வரைக்கும், போலீஸ்காரர் கார் நிறுத்துகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா, தனக்குத்தான் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து அடிக்கடி சிரித்துக் கையாட்டினார். கடைசியில் அனுராதா வந்து ஏதோ அமுக்க, எங்கள் வீட்டுச் சத்தம் உலகத்துக்கெல்லாம் கேட்டது. முதலில் மாடு கத்தியது. அப்புறம் மாமா எழுந்து நின்று, "ரிவர், ஒய் டவுன்?" என்று கேட்டார். அந்த அம்மா வெகு நேரம் பதில் சொன்னார். அனுராதா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மேட்டு நிலத்தை விட்டுட்டு, அடுத்த போகத்துக்கு ஆத்தோரத்துத் தாழ்வுக்கு எறங்குறாங்களாம். ஆறு அந்தப் பள்ளத்துலேர்ந்து வெளிய வந்து அகலமாவற எடத்துல நல்ல வண்டல் இருக்காம்." வண்டல் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் கைதட்டிவிட்டோம். அந்த அம்மாவும் கைதட்டினார். அந்த வண்டலில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று மாமாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கையை உயர்த்த ஆள் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்லறைத் திருநாள் சாயங்காலம், ஃபாதர் கல்லறைத் தோட்டத்தை மந்திரித்து முடித்து, நான் சந்தியாகு வெட்கம் தீராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, நீ வீடியோவில் கூப்பிட்டாய். மாமா, அத்தை, அனுராதா மூன்று பேரும் இருந்தார்கள், நான் ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே நல்ல வெயில். நீ நின்ற இடம் ஆற்றோரத்துத் தாழ்வு. முதல் தடவையாக உன் ஊரில் நம் ஊர் மாதிரி ஒரு இடத்தைப் பார்த்தேன். கறுப்பு மண், சின்னச் சின்னத் துண்டாக மக்காச்சோளம், ஓரத்தில் நெல்லுகூட. நடுவில் மாமரம், மாமரத்தடியில் கற்களைக் கூட்டி வைத்த மேடுகள், மேட்டுக்கு மேடு மரச் சிலுவை. வயதான ஒருவர் கழுத்தில் ஜெபமாலையோடு முட்டி போட்டுப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். பேர் கேட்டேன், அல்போன்சு என்றாய். நம் தெருவிலும் ஒரு அல்போன்ஸ் இருக்கிறான் என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கை காட்டினார், நானும் காட்டினேன். அப்புறம்தான் நீ சொன்னாய்.

"அப்பா, வர்ற திங்கக்கிழமை டிராக்டர் எறங்குது. இந்தத் துண்டும் கம்பெனி குத்தகையில வருது. கல்லறையும் உள்ளதான் வருது. நான் கையெழுத்துப் போட்டாத்தான் வண்டியை எறக்குவாங்க."

"கவர்மெண்ட்ல என்ன சொல்றாங்க?" என்று மாமா கேட்டார்.

"பேப்பர்ல இது வெறும் தரிசு மாமா. கல்லறைன்னு எழுதல."

அப்போது அந்தப் பெரியவர் உன்னிடம் ஏதோ கேட்டார். என்னடா சொல்கிறார் என்றேன்.

"இது அவரு சம்சாரம் கல்லறைப்பா. நீங்க விவசாயின்னு சொன்னேன். உங்க ஊர்ல கல்லறையை உழுவாங்களான்னு உங்களக் கேக்கச் சொல்றாரு."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா அனுராதாவைப் பார்த்தார். நான், "மேலிடத்துல என்ன சொல்றாங்களோ அதைச் செய்யிடா" என்றேன். திரை அணைந்தது. மாமா எழுந்து, மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று கொல்லைப் பக்கம் போய்விட்டார். கழற்றிக் குடவாசலுக்குப் போன மோட்டாரை எப்படி நிறுத்தினாரோ தெரியாது. வெகு நேரம் கழித்துத்தான் வந்தார்.

தங்கமணி அத்தை அன்றைக்குப் பேசியதை எழுதாதே என்கிறார் மாமா. எழுதிவிடுகிறேன், அவர் படிக்கும்போது அடித்துக்கொள்ளட்டும். "மீத்தேன் எடுக்க வந்தப்ப பந்தல் போட்டு உக்காந்து, எங்க வயலைத் தோண்டாதே தோண்டாதேன்னு கத்திக் கத்தி, தொண்டை கட்டி, ஒரு மாசம் கஷாயம் குடிச்சீங்களே, அந்தத் தொண்டைதானே ரெண்டு பேருக்கும்?" என்றாள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது நம்ம வயலுடீ!" என்றார். சொன்ன பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் இறங்கிப் போய்விட்டார். பந்தலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தபோது போலீஸ் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தை எனக்கும் பாதி கொடுத்தவர். கெட்ட மனுஷன் இல்லை. அனுராதாவுக்குத் திருப்பனந்தாளில் இடம் முடிவாகி, தையில் நாள் குறித்தாகிவிட்டது. பையன் வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குத்தான் அதிகம் செய்யவேண்டும் என்பது உனக்கும் தெரியும்.

ஆகையால் லியோ, உணர்ச்சிவசப்படாமல் யோசி. நீ கையெழுத்துப் போடாவிட்டால் டிராக்டர் நிற்கப்போவதில்லை, வேறொருத்தன் போடுவான். உன் வேலை போகும். ஆற்றோரம் இல்லையென்றால் கம்பெனி கடையைக் கட்டும், எங்கள் பங்குத் தாளை மடித்துக் கொட்டகை ஒழுகுகிற இடத்தில் சொருகலாம். மாமா ஒரு யோசனை சொல்கிறார்: அந்தத் துண்டை மட்டும் மேலோட்டமாக உழச் சொல்லலாமாம், கலப்பைக் கொழு ஆழமாக இறங்காமல். இன்னொரு யோசனை, உள்ளூர் ஃபாதரை அழைத்து ஒரு பூசை வைத்துவிட்டு, கற்களை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு உழுவது. உன் மனசுக்கு எது ஒத்துவருகிறதோ அதைச் செய், ஆனால் கையெழுத்தைப் போட்டுவிடு. மேலிடம் சொல்வதைச் செய் என்று அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். பெரியவர்கள் நாலும் யோசித்துத்தான் சொல்கிறோம்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. பசு சினையாக இருக்கிறது. குளிர் காலமோ வெயில் காலமோ, அங்கே எதுவாக இருந்தாலும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. எண்ணெய்க்கு உனக்குப் பஞ்சமா? இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புகிறேன். பஞ்சநதம் மாமா, தங்கமணி அத்தை, அனுராதா எல்லாரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். ஆரோக்கிய மாதா உனக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
இருதயசாமி

பின்குறிப்பு: மாமா படித்து முடித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கே இருதயம்" என்றார். எதையும் அடிக்கவில்லை, அத்தை பேசியதைக்கூட. பால் கறக்க நேரமாகிவிட்டது என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். அனுராதா போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவள், கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் காலியா இருக்கு மாமா. அதுல எதாவது எழுதினா நீங்களே எடுத்து அனுப்பிருங்க" என்று தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதனால் இந்தப் பக்கத்தை நானே எடுத்து அனுப்புகிறேன். ஓரத்தில் விரல் விழுந்திருந்தால் அது என்னுடையது.

அம்மா இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதியது பொய். சந்தியாகுவைத் தாண்டி இரண்டு மேடு இருக்கிறது. ஒன்று அம்மா. இன்னொன்று யார் என்று உபதேசியாருக்கும் தெரியவில்லை. எது எது என்று எனக்குப் பிடிபடவில்லை. மண்ணைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். சிலுவையை இரண்டுக்கும் நடுவில் ஊன்றி, இரண்டிலும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். இங்கே எவனும் கொழுவை இறக்கவில்லை, வெறும் மழைதான் பெய்தது. அதற்கே இப்படி. அந்தப் பெரியவருக்குத் தன் சம்சாரம் எங்கே இருக்கிறாள் என்று தெரிகிறது. கையைச் சரியாக அங்கே வைத்துப் புல் பிடுங்கினார்.

மேலே எழுதியதெல்லாம் எதிரே ஆள் உட்கார்ந்திருந்தபோது எழுதியது. மேலோட்டமாகவும் வேண்டாம், பூசை வைத்தும் வேண்டாம். வேறொருத்தன் போட்டால் அது அவன் கை. அனுராதா கல்யாணத்துக்கு விற்க என் கீழத்துண்டு வயல் இருக்கிறது, அதை நானும் மாமாவும் பேசிக்கொள்கிறோம். அவர் கத்துவார், கத்தட்டும். வேலை போனால் வந்துவிடு. தாளடி நன்றாக வந்திருக்கிறது, இங்கே ஆறு மேலேதான் ஓடுகிறது.

அன்றைக்கு அந்தப் பெரியவர் கேட்டது எனக்குத் தெளிவாகவே கேட்டது. பதிலும் வாய் வரைக்கும் வந்தது. பெரிய மனுஷன், கேள்வி கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார். போய் அவரிடம் சொல்: எங்கள் ஊரில் உழ மாட்டோம்.